மேல்போத்தல் புறப்படும் நேரம்

நீர் ரொக்கெட் விட்டுப் பழகிய பிள்ளைகள் என்றைக்கோ ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள்: “சேர், ஒரு போத்தலுக்கு மேல இன்னொரு போத்தலை வச்சா ரெண்டு மடங்கு உயரம் போகும்தானே? கீழ்ப்போத்தல் முடிஞ்சு மறுகா மேல்போத்தல் பாயும்.” தாளில் கணக்குப் போட்டால் பிள்ளைகள் சொல்வது ஏறத்தாழச் சரி. மைதானத்தில் அது அவ்வளவு லேசில் நடப்பதில்லை. தாளுக்கும் மைதானத்துக்கும் நடுவே தொலைந்துபோகும் உயரம் எங்கே போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விடயம்.

முதலில் தாள். ரொக்கெட் எதுவாக இருந்தாலும் அது பெறும் வேகத்தை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, வாயிலிருந்து வெளியேறும் பொருளின் வேகம். மற்றது, புறப்படும்போது இருந்த திணிவுக்கும் எல்லாம் தீர்ந்த பிறகு மிஞ்சிய திணிவுக்கும் உள்ள விகிதம். அந்த விகிதத்தின் இயற்கை மடக்கையை வெளியேறும் வேகத்தால் பெருக்கினால் ரொக்கெட்டின் வேகம் வந்துவிடும். ரஷ்ய ஆசிரியர் கொன்ஸ்தாந்தீன் சியோல்கோவ்ஸ்கி 1903இல் இதை விண்வெளிப் பயணத்துக்குப் பொருத்தி வெளியிட்டார். மடக்கை என்றால் என்னவென்று உயர்தரப் பிள்ளைகளுக்குத் தெரியும்: விகிதத்தை ஒவ்வொரு தடவை இரட்டிப்பாக்கும்போதும் விடை அதே அளவுதான் கூடும். ரொக்கெட்காரர்களின் தலைவலி எல்லாம் இந்த மடக்கையில்தான் தொடங்குகிறது.

900 கிராம் தண்ணீர், 300 கிராம் வெறும் உடல், ஆக மொத்தம் 1200 கிராமில் ஒற்றை ரொக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விகிதம் 4. தண்ணீர் சராசரியாகச் செக்கனுக்கு 25 மீற்றர் வேகத்தில் வெளியேறுகிறது என்றால் ரொக்கெட்டின் வேகம் செக்கனுக்கு சுமார் 35 மீற்றர். காற்றின் தடையை மறந்துவிட்டால் உயரம் 61 மீற்றர்.

அதே 900 கிராம் தண்ணீரையும் அதே 300 கிராம் உடலையும் இப்போது இரண்டாகப் பிரிப்போம். கீழே 600 கிராம் தண்ணீர், 180 கிராம் உடல். மேலே 300 கிராம் தண்ணீர், 120 கிராம் உடல். கீழ்த் தண்ணீர் தீரும்போது 1200 கிராம் 600 ஆகிறது. விகிதம் 2, கிடைக்கும் வேகம் சுமார் 17. அந்தக் கணத்தில் 180 கிராம் வெறும் உடலைக் கழற்றி எறிந்துவிடுகிறோம். மிஞ்சிய 420 கிராம் தன் தண்ணீரைக் கக்கி 120 கிராம் ஆகிறது, விகிதம் 3.5, வேகம் சுமார் 31. கூட்டினால் 48க்கு மேல். உயரம் 120 மீற்றர். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூட்டவில்லை. வேலை முடிந்த உடலைத் தூக்கிச் சுமக்காமல் விட்டதற்கே இவ்வளவு இலாபம்.

இந்த யோசனை சியோல்கோவ்ஸ்கிக்கு முன்னரே பழையது. 16ஆம் நூற்றாண்டில் இன்றைய ருமேனியாவின் சிபியு நகரில் ஆயுதக் கிடங்கைப் பார்த்துக்கொண்ட கொன்ராட் ஹாஸ் என்பவர் எழுதிவைத்த கையெழுத்துப் பிரதியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வாணங்களின் படங்கள் உள்ளன. 1650இல் காசிமியெர்ஸ் சீமெனோவிச் அச்சிட்ட பீரங்கிக் கலை நூலிலும் அடுக்கு வாணங்கள் வருகின்றன. நம் கோயில் திருவிழாக்களில் விடும் ஈர்க்கு வாணத்துக்குள் அந்த நூல்களில் உள்ள பௌதிகவியலின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. மருந்துக் குழலோடு நீளமாக ஒரு ஈர்க்கைக் கட்டுவது அழகுக்கல்ல. பின்னால் நீண்ட அந்த வால் இல்லாவிட்டால் வாணம் ஒரு முழம் எழுவதற்குள் தலைகுப்புறத் திரும்பிச் சனங்களுக்குள் ஓடும். ஈர்க்கு செய்கிற வேலையைத்தான் ரொக்கெட்டில் செட்டைகள் செய்கின்றன. அதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டு அடுக்கு ரொக்கெட் ஒன்று மட்டக்களப்பாராகிய நமக்கு மிக அருகில் பறந்த கதை தும்பாவில் நடந்தது. திருவனந்தபுரத்தை ஒட்டிய மீனவக் கிராமம் அது. 1963 நவம்பர் 21 மாலை, அங்கிருந்து நைக்கி-அப்பாச்சி என்ற அமெரிக்க ரொக்கெட் புறப்பட்டது. இந்திய மண்ணிலிருந்து சென்ற முதல் ஆய்வு ரொக்கெட் அதுதான். ரொக்கெட்டைப் பொருத்திய இடம் புனித மரிய மகதலேனா தேவாலயக் கட்டடம். பொருத்தும் பொறுப்பிலும் பாதுகாப்புப் பொறுப்பிலும் இருந்தவர் இராமேஸ்வரத்து இளைஞர் அப்துல் கலாம். தேவாலயத்திலிருந்து ஏவுமேடைக்குக் கொண்டுபோய்த் தூக்கி நிறுத்தும்போது பாரந்தூக்கியின் எண்ணெய் ஒழுகி, கடைசியில் எல்லோரும் கைகொடுத்துச் சரிசெய்ததை அவரே தன் நூலில் எழுதியிருக்கிறார். ரொக்கெட் மேலே போய்ச் சோடியம் ஆவியைக் கக்கியது. சூரியன் தரையில் மறைந்திருந்தாலும் அவ்வளவு உயரத்தில் வெயில் இருக்கும். அந்த வெயிலில் ஆவி செம்மஞ்சள் நிறமாக ஒளிர்ந்தது. மேல்வளியில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை அந்த நிறம் கலையும் திசையில் பார்த்துக்கொண்டார்கள்.

தும்பாவுக்கும் மட்டக்களப்புக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 540 கிலோமீற்றர். 150 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் ஒளிமேகம் ஒன்று, பூமியின் வளைவைக் கழித்துப் பார்த்தாலும், கல்லடிப் பாலத்தில் நிற்பவருக்கு மேற்கு வானில் அடிவானத்திலிருந்து 13 பாகை மேலே தெரிய வேண்டும். நவம்பர் மாதத்து மட்டக்களப்பில் முகில் விலகியிருக்க வேண்டுமே என்பதுதான் பிரச்சினை.

அந்த ரொக்கெட்டின் இரண்டு அடுக்குகளும் எப்படிப் பிரிந்தன என்பது நம் விடயத்துக்கு நேரடியாக உதவும். கீழே இருந்த நைக்கி, ஏவுகணை ஒன்றுக்காகச் செய்த மொத்தமான உந்தி. விட்டம் 42 சென்ரிமீற்றர். மேலே இருந்த அப்பாச்சி ஒல்லி, 16.5 சென்ரிமீற்றர். இரண்டையும் பூட்டிப் பிணைத்திருக்கவில்லை, ஒன்றுக்குள் ஒன்று செருகியே வைத்திருந்தார்கள். நைக்கி எரியும்வரை அது பின்னாலிருந்து தள்ளுகிறது, ஆகவே இரண்டும் சேர்ந்தே போகும். சுமார் மூன்றரைச் செக்கனில் அது எரிந்து முடிந்ததும் காற்று வேலையைத் தொடங்குகிறது. மொத்தமான நைக்கியைக் காற்று பலமாகப் பிடித்து இழுக்கும், ஒல்லியான அப்பாச்சியை அவ்வளவு இழுக்காது. வெடிமருந்தும் இல்லை, வில்லும் இல்லை. காற்றே இரண்டையும் பிரித்துவிடும். இயந்திரங்களில் இதைவிடச் சிக்கனமான பூட்டு ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பிரிந்ததும் அப்பாச்சி உடனே எரிவதில்லை. புறப்பட்டு 20ஆவது செக்கன் ஆகும்வரை அது சும்மாவே மேலே மிதந்து போகிறது. ஏன் இந்தச் சோம்பல்? காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். காற்றின் அடர்த்திக்கு ஏற்பவும் கூடும். கீழே அடர்ந்த காற்றில் மேலும் வேகத்தைக் கூட்டினால் அதில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடும். கொஞ்சம் பொறுத்து, காற்று மெலிந்த உயரத்துக்குப் போய் எரிந்தால் முழு வேகமும் கையில் நிற்கும். பொறுத்திருக்கும் அந்தப் பதினாறு செக்கனில் புவியீர்ப்பு, செக்கனுக்கு 160 மீற்றர் அளவு வேகத்தைப் பறித்துக்கொள்ளும். ஒலியின் வேகத்தையே தாண்டிப் போகும் பொருளுக்கு அந்த நட்டம் பெரிதல்ல.

போத்தலுக்கு இதே கணக்கு தலைகீழாகிறது. நம் கீழ்ப்போத்தல் கொடுக்கும் வேகம் செக்கனுக்கு 17 மீற்றர். ஒரு செக்கன் தாமதித்தால் புவியீர்ப்பு அதில் 10ஐ எடுத்துவிடும். இரண்டு செக்கன் தாமதித்தால் ரொக்கெட் மூக்கைத் திருப்பிக் கீழே வரத் தொடங்கியிருக்கும். அப்போது மேல்போத்தல் பாய்ந்தால் பாய்வது தரையை நோக்கி. நைக்கி-அப்பாச்சி பொறுமையால் உயரம் சம்பாதித்தது. போத்தல் ரொக்கெட் அவசரத்தால்தான் சம்பாதிக்க முடியும்.

தும்பாவில் இன்றும் இரண்டு அடுக்கு ரொக்கெட் பறக்கிறது. ரோகிணி குடும்பத்தைச் சேர்ந்த ஆர்.எச்.200, நீளம் சுமார் மூன்றரை மீற்றர், 200 என்பது மில்லிமீற்றரில் அதன் விட்டம். இரண்டு அடுக்கும் திண்ம எரிபொருளில் ஓடுபவை. 70 கிலோமீற்றருக்கு மேலே போய் மெல்லிய செப்பு இழைகளைத் தூவிவிடும். அந்த இழைகள் காற்றில் அள்ளுண்டு போவதை ரேடாரில் தொடர்ந்தால் அந்த உயரத்துக் காற்றின் திசையும் வேகமும் தெரிந்துவிடும். 2022 நவம்பர் 23 அன்று அது இடையறாத தன் 200ஆவது வெற்றிப் பறப்பை முடித்தது. நவம்பர் 23 மட்டக்களப்பாருக்கு வேறு காரணத்துக்காக மறக்காத திகதி: 1978இல் அந்த நாள் இரவில்தான் சூறாவளி ஊரைப் புரட்டிப் போட்டது. ஒற்றுமை தற்செயல்தான். ஆனாலும் காற்றை அளக்கும் ஒரு சின்ன ரொக்கெட்டின் பெருமையை நம் ஊர்க்காரருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி வீட்டில் செய்யும் ரொக்கெட்டுக்கு வருவோம். உலகில் இது இரண்டு பாதையாகப் பிரிந்தது. அமெரிக்காவில் 1957இல் ஸ்புட்னிக் பறந்த பிறகு, வீட்டுக் கொல்லையில் மருந்தைக் கலந்து கையையும் கண்ணையும் இழந்த சிறுவர்கள் ஏராளம். நெப்ராஸ்காவில் சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் என்பவர், தொழிற்சாலையில் செய்த சிறு மருந்துக் குழலைக் கடதாசி உடலில் வைத்து, பரசூட்டோடு இறங்கும் மாதிரி ரொக்கெட்டை அதற்கு முன்னரே உருவாக்கியிருந்தார். வைட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் பணியாற்றிய ஹாரி ஸ்டைன் அதைக் கையிலெடுத்து ஒரு விளையாட்டுத் துறையாகவே ஆக்கினார். அங்கே இரண்டு அடுக்கு என்பது மிகச் சுலபம். கீழ்க்குழலின் மேல்முனையில் மூடி இருக்காது. மருந்து மேல்வரை எரிந்து முடியும் கணத்தில் தீப்பொறிகள் துளைத்துக்கொண்டு மேற்குழலின் வாய்க்குள் பாய, அது பற்றிக்கொள்ளும். இரண்டு குழல்களையும் ஒரு சுற்று ரேப் மட்டுமே பிடித்திருக்கும். மேற்குழல் பற்றியதும் அது தானே விட்டுவிடும்.

அந்தக் குழல்கள் நம் கடைத்தெருவில் கிடைக்கும் சாமான் அல்ல. கிடைக்காததை வீட்டில் செய்துபார்ப்போம் என்று நினைப்பவர்களுக்கு ஒரே பதில்தான்: செய்யவே வேண்டாம். இலங்கையில் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெடிமருந்து செய்வது குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கருமருந்தை அரைக்கும்போதும் இடிக்கும்போதும் பறக்கும் ஒரு பொறிக்கு, செய்பவர் விஞ்ஞானம் படித்தவரா இல்லையா என்று தெரியாது. வெடிச் சத்தம் கேட்டால் இன்னும் திடுக்கிட்டு எழும்புகிற மனிதர்கள் ஒவ்வொரு தெருவிலும் வாழும் பிரதேசம் இது என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே நம் பாதை தண்ணீர்ப் பாதை. மொரட்டுவை கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நடத்திவரும் போட்டிகளும் இந்த நீர் ரொக்கெட்டில்தான்.

தண்ணீர்தானே என்று லேசாக எண்ண வேண்டாம். சோடா போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, வெளிக்காற்றைவிட 4 வளிமண்டலம் அதிகமாக, அதாவது சைக்கிள் பம்பின் மானியில் 60க்குச் சற்றுக் குறைவாக, காற்றை அடைத்தால் தண்ணீர் செக்கனுக்கு 28 மீற்றர் வேகத்தில் வெளியேறத் தொடங்கும். போத்தல் வாயின் உள்விட்டம் சுமார் 22 மில்லிமீற்றர். அந்த வாய் முழுதும் திறந்தால் முதல் உதைப்பு 300 நியூற்றன். 30 கிலோ நிறைக்குச் சமம். 600 கிராம் தண்ணீரும் ஒரு செக்கனின் பதினைந்தில் ஒரு பங்குக்குள் தீர்ந்துவிடும். கண்ணால் பார்த்தால் வெள்ளையாக ஒரு கோடு, அவ்வளவுதான். அதற்குள் ரொக்கெட் போய்விட்டது.

இந்த அவசரத்துக்குள்தான் இரண்டாவது அடுக்கைப் புறப்பட வைக்க வேண்டும். கையால் கயிறு இழுப்பது, மணிக்கூட்டுப் பொறி வைப்பது எல்லாம் இங்கே எடுபடாது. தீப்பொறியும் கிடையாது. கைவசம் இருக்கும் ஒரே அறிகுறி கீழ்ப்போத்தலின் அமுக்கம். அது நிரம்பியிருக்கும்வரை மேல்போத்தலைப் பூட்டி வைக்க வேண்டும். அது விழுந்த கணத்தில் பூட்டு அவிழ வேண்டும். உலகெங்கும் நீர் ரொக்கெட்காரர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி ஒன்றுதான், வடிவங்கள்தான் வேறு.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப்பை ‘கிளிக்’ என்று பூட்டும் பிளாஸ்ரிக் கொனெக்டரைப் பார்த்திருப்பீர்கள். வெளியே ஒரு வளையம் இருக்கும். அதைப் பின்னுக்கு இழுத்தால் உள்ளே உள்ள பற்கள் விரிந்து பைப் கழரும். மேல்போத்தலின் வாயில் இந்தக் கொனெக்டரின் ஆண் பாகம். அதன் துளை 9 மில்லிமீற்றர் அளவுதான். ஆகவே மேல்போத்தலின் தண்ணீர் நிதானமாக, செக்கனின் ஐந்தில் ஒரு பங்கு வரை, பாயும். கீழ்ப்போத்தலின் உச்சியில் பெண் பாகம். வளையத்தை றப்பர் பட்டி ஒன்று எப்போதும் திறக்கும் பக்கமே இழுத்துக்கொண்டிருக்கும். அதற்கு எதிராக, கீழ்ப்போத்தலிலிருந்து ஒரு மெல்லிய குழாயில் வரும் காற்று சிறு உந்துதண்டு ஒன்றைத் தள்ளி, வளையத்தை மூடிய நிலையில் பிடித்து வைத்திருக்கும். கீழே தண்ணீர் தீர்ந்து காற்றும் வெளியேறியதும் உந்துதண்டு சோர்ந்துவிடும், றப்பர் வெல்லும், பற்கள் விரியும். மேல்போத்தல் தன் சொந்த அமுக்கத்தில் துள்ளிப் பாயும்.

மேல்போத்தலுக்குக் காற்று எப்படிப் போனது? கீழ்ப்போத்தல் வழியாகத்தான். இரண்டுக்கும் நடுவே மேல்நோக்கி மட்டும் திறக்கும் ஒருவழி வால்வு ஒன்று வேண்டும். பம்ப் பண்ணும்போது காற்று அதைத் தள்ளிக்கொண்டு மேலே போகும். கீழே அமுக்கம் விழும்போது மேலே உள்ள காற்றும் தண்ணீரும் திரும்பி இறங்காமல் அது தடுத்துவிடும். சைக்கிள் ரியூப் வால்வின் வேலையும் இதுவே. வால்வு கொஞ்சம் ஒழுகினாலும் மேல்போத்தல் தன் பலத்தைக் கீழ்ப்போத்தலோடு பங்கிட்டுக்கொண்டு, பிரிந்த பிறகு பரிதாபமாகத் தொங்கும். இரண்டு அடுக்கு நீர் ரொக்கெட் தோற்பதற்குப் போத்தலையோ செட்டையையோ குறை சொல்வதற்கு முன் இந்த வால்வைக் கழற்றிப் பாருங்கள்.

இணைப்பின் பலத்திலும் கவனம் வேண்டும். புறப்படும்போது சராசரி ஆர்முடுகல் புவியீர்ப்பைப் போல சுமார் 26 மடங்கு. 420 கிராம் மேல்போத்தல் அந்தக் கணத்தில் 11 கிலோவாகக் கீழே அழுத்தும். இரண்டு போத்தல்களையும் சேர்க்கும் வளையம் ஒரு பக்கம் இளகியிருந்தால், நேராக நிற்பதுபோல் தெரிந்த ரொக்கெட் அந்தப் பதினொரு கிலோவில் இடுப்பொடிந்து வளையும். ஏவுமேடையில் வைத்து உச்சியை விரலால் ஆட்டிப் பார்த்தால் போதும். ஆடுகிறதென்றால் அன்றைக்குப் பறக்கவிட வேண்டாம்.

செட்டை விடயம் இரண்டு அடுக்கில் இரட்டிப்பாகிறது. எந்த ரொக்கெட்டும் நேராகப் போக வேண்டுமென்றால் அதன் புவியீர்ப்பு மையம் முன்னாலும், காற்று பக்கவாட்டில் அழுத்தும் மையம் பின்னாலும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே குறைந்தது ஒரு விட்ட அளவு தூரம் என்பது மாதிரி ரொக்கெட்காரர்களின் பழைய விதி. இந்த விதியை இரண்டு தடவை சோதிக்க வேண்டும்: இரண்டு போத்தலும் சேர்ந்து நிற்கும்போது ஒருமுறை, மேல்போத்தல் தனியே பறக்கும்போது இன்னொருமுறை. சேர்ந்து நிற்கும்போது கீழ்ப்போத்தலின் தண்ணீர்ப் பாரம் புவியீர்ப்பு மையத்தைப் பின்னுக்கு இழுத்துவிடும். மேல்போத்தலின் செட்டைகளோ நடு உடலில் நின்றுகொண்டு அழுத்த மையத்தை முன்னுக்கு இழுக்கும். இரண்டும் தவறான பக்கம். இதனால்தான் கீழ்ச்செட்டைகள் பார்வைக்குக் கொஞ்சம் அசிங்கமாகப் பெரிதாக இருக்க வேண்டியிருக்கிறது. தடித்த பிளாஸ்ரிக் பைல் கவரில் வெட்டினால் பாரமும் இல்லை, ஈரத்தில் ஊறியும் போகாது.

சோதனை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். புறப்படும் நிலையில் ரொக்கெட் எங்கே சமநிலையில் நிற்கிறதோ அந்த இடத்தில் நூலைக் கட்டி, தலைக்கு மேல் சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னே பார்த்தபடி சுற்றினால் நல்லது. வால் முன்னே வந்தாலோ, கண்டபடி உருண்டாலோ மூக்கில் கொஞ்சம் களிமண் கூட்டுங்கள், அல்லது கீழ்ச்செட்டையைப் பெரிதாக்குங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் கடைசியில் முடிவு சொல்வது காற்று. செட்டை உள்ள ரொக்கெட் காற்றுக் கோழியைப் போல வீசும் காற்றை நோக்கி மூக்கைத் திருப்பும். ரொக்கெட் செக்கனுக்கு 15 மீற்றர் வேகத்தில் போகும்போது பக்கக்காற்று செக்கனுக்கு 5 மீற்றர் என்றால், அது காணும் காற்று நேர்மேலிருந்து 18 பாகை சாய்ந்து வரும். ரொக்கெட் அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். ஒற்றை அடுக்கில் இந்தச் சாய்வு கொஞ்சம் உயரத்தைக் குறைப்பதோடு போய்விடும். இரண்டு அடுக்கில், சாய்ந்த அந்த நிலையில்தான் மேல்போத்தல் பாய்கிறது. கீழ்ப்போத்தலின் சிறு பிழையை மேல்போத்தல் வாங்கிப் பெரிதாக்குகிறது. 20 பாகை சாய்ந்து புறப்பட்டால் ஒவ்வொரு 100 மீற்றர் பயணத்திலும் 34 மீற்றர் பக்கவாட்டுக்குப் போய்விடும். தாளில் இருந்த 120 மீற்றரில் பெரும்பங்கு தொலையும் இடம் இதுதான். பெரிய ஏவுதளங்களிலும் வழிகாட்டி இல்லாத ரொக்கெட்டுகளுக்கு இதே பயம் உண்டு. காற்றை முன்கூட்டி அளந்து, அதற்கேற்ப ஏவுதாங்கியைச் சரித்துத் திருப்பிய பிறகுதான் விடுவார்கள்.

மட்டக்களப்பில் காற்றுக்குப் பெயரும் பருவமும் உண்டு. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் அனலாய் அடிக்கும். மார்கழி, தையில் வாடை. எழுவான்கரை என்பது வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல்திட்டு. கச்சானில் அங்கே ரொக்கெட் விட்டால் மூக்கு வாவிப் பக்கம் திரும்பும். இறங்கும் பரசூட்டோ கடல் பக்கம் போகும். வாடையில் எல்லாம் தலைகீழ். 100 மீற்றர் உயரத்திலிருந்து செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் இறங்கும் பரசூட்டுக்கு 20 செக்கன் பிடிக்கும். அதே வேகத்தில் காற்று வீசினால் அது 100 மீற்றர் தள்ளிப்போய் விழும். எழுவான்கரையில் 100 மீற்றர் என்றால் பல இடங்களில் யாரோ ஒருவரின் கூரை, அல்லது தண்ணீர். வாவிக்குள் விழுந்த போத்தலை எடுக்காமல் விட்டால் கண்டல் வேரில் சிக்கி வருடக்கணக்கில் கிடக்கும். வலை போடுகிறவர்களுக்கு அது இன்னொரு தொல்லை.

என்னைக் கேட்டால் இதற்குத் தகுந்த இடம் வாவியின் மறுகரையான படுவான்கரைதான். பெரும்போக அறுவடை முடிந்த பங்குனி, சித்திரையில் வவுணதீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கம் வெறும் வயல் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கும். இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலம். கடற்காற்று கிளம்புவதற்கு முன், காலை எட்டு மணிக்குள், ஒரு வைக்கோல் துரும்பும் அசையாத நேரம் கிடைக்கும். அந்த நேரமே போதும். வயல்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மாடு மேய்க்கிறவர்களிடமும் சொல்லுங்கள். நகரை ஒட்டியே விமானநிலையம் இருப்பதை மறக்க வேண்டாம். 2018இலிருந்து அது பயணிகள் விமானங்களுக்கும் திறந்திருக்கிறது. அதன் சுற்றுவட்டத்தில் எதையும் மேலே அனுப்பக் கூடாது. வேறு இடமென்றாலும் பாடசாலை மூலம் பொலிஸாருக்கும் பிரதேச செயலகத்துக்கும் முன்கூட்டி எழுதிக் கொடுப்பது நல்லது.

போத்தலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு லீற்றர் காற்றை மேலே சொன்ன அமுக்கத்தில் அடைத்தால் அதில் தேங்கும் சக்தி சுமார் 250 யூல். 25 மீற்றர் தென்னையிலிருந்து விழும் ஒரு கிலோத் தேங்காயின் பலம் அது. கீறல் விழுந்த போத்தல், வெயிலில் கிடந்த போத்தல், சூடான பசை பட்ட போத்தல் எதுவும் வேண்டாம். புதிய போத்தலையும் முதலில் தண்ணீரால் வாய்வரை நிரப்பி, பறக்கவிடும் அமுக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றிப் பாருங்கள். தண்ணீர் காற்றைப் போல ஒடுங்காது. ஆகவே அதில் சக்தி தேங்காது. போத்தல் பிளந்தால் தண்ணீர் கொட்டும், துண்டு பறக்காது. பறக்கவிடும்போது பம்ப் பத்து மீற்றர் நீளக் குழாயின் மறுமுனையில் இருக்கட்டும். அவிழ்க்கும் கயிறும் அவ்வளவு நீளம் இருக்கட்டும். கண்ணாடி அணியாமல் யாரும் கிட்ட வர வேண்டாம். ஏறிய அமுக்கத்தோடு ரொக்கெட் புறப்படாமல் நின்றுவிட்டால் ஓடிப்போய் எட்டிப் பார்க்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. அதைத் தடுப்பதற்கென்றே ஒரு பெரியவர் நிற்க வேண்டும். பம்ப் முனையில் காற்றைத் திறந்துவிட்டாலும் கீழ்ப்போத்தல்தான் வடியும். மேல்போத்தல் ஒருவழி வால்வுக்குப் பின்னால் நிரம்பியே இருக்கும். அந்த நேரத்தில் பூட்டு அவிழ்ந்தால் அது நின்ற இடத்திலிருந்தே பாயும்.

உயரத்தை அளக்க விலை கூடிய கருவி தேவையில்லை. ஏவுமேடையிலிருந்து 100 மீற்றர் தள்ளி ஒருவர் பாகைமானியும் நூலில் தொங்கும் ஒரு ஈயக் குண்டும் வைத்துக்கொண்டு நின்றால் போதும். உச்சியை 45 பாகையில் கண்டால் உயரம் 100 மீற்றர்; 35 பாகையென்றால் 70. மீதியைச் சாதாரணதர வகுப்புத் திரிகோணகணிதம் சொல்லும். ரொக்கெட் சாய்ந்து போயிருந்தால் இந்த விடை பொய் சொல்லும் என்பதால் எதிர்ப் பக்கத்திலும் ஒருவர் நிற்பது நல்லது. போத்தல் ரொக்கெட்டின் உலக எல்லை எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்: தென்னாபிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தார் 2015இல் 830 மீற்றர் எட்டினார்கள். அது சோடா போத்தல் அல்ல, காபன் இழையில் செய்த உடல். அடுக்கும் ஒன்றே ஒன்றுதான்.

பாடசாலை விஞ்ஞான மன்றங்களுக்கு என் வேண்டுகோள் இது. முதல் தவணையில் இரண்டு அடுக்கைத் தொட வேண்டாம். ஒற்றைப் போத்தலைக் காற்றில்லாத காலையில் பத்துத் தடவை விடுங்கள். பத்திலும் அது ஏவுமேடையைச் சுற்றி 20 மீற்றருக்குள் இறங்கினால் அதன் தலையில் இரண்டாவது போத்தலை வையுங்கள். இறங்காவிட்டால் செட்டையைத் திருத்துங்கள்.